பழவேற்காடு ஏரி ஓரமாக, சைக்கிளில்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

என் தொழில் தையல். தடாவில் சின்னக் கடை. ஊர் ஆந்திரத்தில் இருந்தாலும் வீட்டில் தமிழ்தான். கடையில் வருகிறவர்களைப் பொறுத்துத் தமிழும் தெலுங்கும் மாறி மாறி ஓடும். நாங்கள் சில பேர் குளிர்காலத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, டென்ட் கட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர்கள். மருந்துக்கடை அண்ணன் ஒருவர், ஹைஸ்கூல் டீச்சர் ஒருவர், ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை பார்க்கிற தம்பிகள் இரண்டு பேர், நான். பழவேற்காடு ஏரி ஓரமாகப் போய்வந்த கதையைச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார்கள்.

கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அவ்வளவு தூரம் மிதிச்சா கால் வலிக்காதா?" மிதிப்பதில் ஒன்றும் இல்லை, நேயர்களே. எங்கள் பக்கம் ரயில்வே மேம்பாலத்தை விட்டால் மேடே கிடையாது. யோசிக்க வேண்டியதெல்லாம் ராத்திரியைப் பற்றித்தான். எங்கே படுப்பது, யாரைக் கேட்டுப் படுப்பது, விடிவதற்குள் யாருக்கு அந்த இடம் வேண்டும். பயணத்தின் நல்லது கெட்டது இதில்தான் இருக்கிறது.

ஏரியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சென்னைக்காரர்களுக்குப் பழவேற்காடு என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வறுத்த மீன், டச்சுக் கல்லறை. ஏரியின் பெரும்பகுதி இருப்பது ஆந்திரத்தில். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். வடக்குத் தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர். தெற்கே ஆரணி ஆறு வந்து விழுகிறது, மேற்கேயிருந்து காளங்கி வருகிறது. மழைக்காலத்தில் தண்ணீர் நல்ல தண்ணீர் மாதிரி ஆகிவிடும். கோடையில் கடலை விட உப்புக் கரிக்கும். வடபாதி பல இடங்களில் வற்றி வெறும் சேற்றுப் பொருக்காகக் கிடக்கும். கிழக்கே கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ஸ்ரீஹரிகோட்டா தீவு. 1971ல் முதல் ராக்கெட் பறந்ததிலிருந்து அது விண்வெளித் துறையின் இடம். பாஸ் இல்லாமல் நுழைய முடியாது. ஆகவே ஏரியைச் சுற்றி வருவது என்ற பேச்சே இல்லை. மேற்கு ஓரம் மட்டும்தான் நமக்கு.

அந்த ஓரத்திலும் எந்தத் திசையில் போவது என்று ஒரு விவாதம் நடந்தது. தெற்கே பழவேற்காட்டில் தொடங்கலாம் என்றான் கம்பெனித் தம்பி. மருந்துக்கடை அண்ணன் ஒரே கேள்வி கேட்டார்: "தை மாசம் காத்து எந்தப் பக்கமிருந்துப்பா வருது?" வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது. தெற்கேயிருந்து போனால் மூட்டையும் முடிச்சுமாக அதன் முகத்தில் மோதிக்கொண்டே போக வேண்டும். வடக்கேயிருந்து இறங்கினால் முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். ஒரு குட்டி யானை வண்டி நாயுடுப்பேட்டைக்குச் சரக்கில்லாமல் போவதாகத் தெரிந்தது. சைக்கிள்களை அதில் ஏற்றிக் கட்டினோம், விவாதம் முடிந்தது.

கொண்டுபோக வேண்டிய சாமானில் மூன்றைத்தான் சொல்வேன், மீதி உங்கள் சௌகரியம். முதலாவது பஞ்சர் சாமான். ஏரி ஓரம் முழுக்க வேலிக்கருவை. அந்த முள் காய்ந்து மண்ணில் கிடக்கும். புது டயர் பழைய டயர் என்று பார்க்காது. ஆளுக்கு ஒரு மாற்று டியூப் இல்லாமல் தார் ரோட்டை விட்டு இறங்கவே கூடாது. டென்ட் போடுகிற இடத்துக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போகாமல் தோளில் தூக்கிக்கொண்டு போவோம்; ஊர்ப் பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இரண்டாவது குடிதண்ணீர். கரையூர்க் கிணறுகள் பல உப்பு. தெருவுக்கு வருகிற கேன் தண்ணீரைத்தான் ஊராரும் குடிக்கிறார்கள், அதில் நாம் போய்ப் பங்கு கேட்பது அழகல்ல. மூன்றாவது செயின் எண்ணெயும் பழைய துணியும். ஏரிக்காற்றின் உப்பு ஒரே ராத்திரியில் செயினில் செம்பு நிறம் பூசிவிடும். காலையில் நல்ல தண்ணீரில் துடைத்து எண்ணெய் போட்ட பிறகுதான் எங்களுக்கு டீ. டென்டின் கிழிசல் தைக்க ஊசி நூல் வேண்டுமே என்பீர்கள். அது என் பொறுப்பு, தொழில் அப்படி.

நாயுடுப்பேட்டையிலிருந்து கடலோரம் வந்து, ஏரிப் பயணத்தைத் தொடங்கியது துகராஜபட்டணத்திலிருந்து. ஏரியின் வட முனைக்குச் சமீபத்தில் கடலோரச் சிற்றூர். ஆங்கிலேயர்கள் சென்னைக்கு வருமுன்னே இங்கே பண்டகசாலை வைத்திருந்தார்கள். ஆர்மகான் என்று அவர்கள் ஏடுகளில் வரும். 1639ல் சென்னப்பட்டணத்துக்கு இடம் பிடித்த பிரான்சிஸ் டே அதற்கு முன் பொறுப்பில் இருந்தது இங்கேதான். டீச்சர் இதை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தம்பிகளுக்கு டிபன் கடை எங்கே இருக்கிறது என்பதுதான் கவலை. நெல்லூர்ப் பக்கத்துக் காரம் தோசை ஆளுக்கு இரண்டு உள்ளே போனதும் சரித்திரத்திலும் கொஞ்சம் அக்கறை வந்தது.

முதல் ராத்திரி ஏரியை ஒட்டிய ஒரு மீனவ ஊரில். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்; நாளைக்கு நாலு பேர் வண்டி கட்டிக்கொண்டு போய் நின்றால் அவர்களுக்குத்தான் தொந்தரவு. பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊருக்குள் போய்விட வேண்டும் என்பது எங்கள் கட்டுப்பாடு. இருட்டில் வருகிற ஐந்து சைக்கிளை யாரும் விருந்தாளி என்று நினைக்க மாட்டார்கள். ராம மந்திரத் திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்களிடம் டீச்சர் தெலுங்கில் விஷயத்தைச் சொன்னார். நான் பெண், நேரே பெண்கள் இருந்த பக்கம் போனேன். இடத்துக்கு அனுமதி கொடுப்பது பெரியவர்களாக இருக்கலாம். கழிப்பறை எந்த வீட்டில் இருக்கிறது, எந்த நாய் கடிக்கும், எந்த இடத்தில் பாம்பு நடமாட்டம் என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். பெண் துணையோடு போகிற கூட்டத்துக்கு ஊர் சீக்கிரம் இளகுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

தண்ணீர் ஓரத்தில் வெள்ளை மணலாக ஒரு திட்டு. தம்பிகள் அங்கேயே டென்டை விரிக்கப் பார்த்தார்கள். நண்டு வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி தலையைக் கூட நிமிர்த்தவில்லை. "அங்க வேணாம் அம்மாயி. ராத்திரி காத்து ஏறினா தண்ணி மேல வந்துரும். வல காயற மேட்டுல போட்டுக்கோங்க." பாதித் தெலுங்கில் சொன்னதைத்தான் இப்படிச் சொல்கிறேன். ஏரி பல இடங்களில் இடுப்பளவு ஆழம்தான். தட்டில் ஊற்றிய ரசம் மாதிரி காற்று சாய்த்த பக்கம் ஓடும். கரை என்று நாம் பார்க்கிற கோடு அன்றன்றைக்கு இடம் மாறும். ராத்திரி பத்து மணிக்கு மேல் காற்று ஏறியது. விடிந்து பார்த்தபோது அந்தத் திட்டு முக்கால்வாசி தண்ணீரில்.

வலை காய்கிற மேட்டில் படுத்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது. அது அவர்கள் தொழில் செய்கிற இடம். விடியற்காலை மூன்று மணிக்கே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். நாமும் எழுந்து டென்டைச் சுருட்ட வேண்டும். "தூங்குங்க, பரவாயில்ல" என்பார்கள். மரியாதைக்குச் சொல்வது அது. மணலில் டென்ட் முளை நிற்காது என்பதால் நாங்கள் பையில் மணலை ரொப்பிக் கயிற்றில் கட்டிப் புதைப்போம். அந்தக் குழிகளையும் மூடிவிட்டுத்தான் நகர வேண்டும், இருட்டில் யாராவது காலை விட்டால் என்ன ஆவது. அடுப்பும் அப்படித்தான். பனை ஓலைக் கூரைகளுக்கு நடுவே, அந்தக் காற்றில், நெருப்புக் கூட்டுவது பாவம். ராத்திரிக்கு அவல், பழம். காலையில் ஊருக்குள் டீக்கடை.

இன்னொரு விஷயம். ஏரியின் நீர்ப்பரப்பு இரண்டு மாநிலத்திலும் சரணாலயம். ஆந்திரப் பகுதி 1976ல் அறிவிக்கப்பட்டது, தமிழ்நாட்டுப் பகுதி 1980ல். ஆள் இல்லாத இடமாக இருக்கிறதே என்று ஒதுக்குப்புறத்தில் டென்ட் போட்டால் வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டும். பறவைகளுக்கும் அது நல்லதில்லை. ஊரைக் கேட்டு ஊர் எல்லைக்குள் படுப்பதுதான் முறை.

மறுநாள் நேலபட்டு. தொரவாரிச்சத்திரம் பக்கத்தில் இருக்கிற சின்ன ஏரி. தண்ணீருக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டும். பக்கத்துப் பழவேற்காடு ஏரியில் மீன் பிடித்து விழுங்கிக்கொண்டுவந்து, கக்கிக் குஞ்சுகளுக்கு ஊட்டும். நாங்கள் ரோட்டில் வந்த தூரத்தை அவை தலைக்கு மேலே சிறகடிக்காமல் மிதந்தே கடந்தன. கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

சூலூர்ப்பேட்டையில் காளங்கிக் கரையில் செங்காளம்மன் கோயில். இரவும் பகலும் நடை சாத்தாத கோயில் அது. கும்பிட்டுவிட்டுத் தீவு ரோட்டில் திரும்பினோம். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி ஏரியைக் குறுக்கே வெட்டிப் போகிற ரோடு, இரண்டு பக்கமும் தண்ணீர். அதிகாலையில் போக வேண்டும். பூநாரைகள் குளிர்காலத்தில் இங்கே கூட்டம் கூட்டமாக நிற்கும். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்துச் சேற்றை அரித்துத் தின்னும். சைக்கிளில் போவதில் ஒரு லாபம், சத்தம் கிடையாது. கார் நின்றால் விலகிப் போகிற பறவை சைக்கிளைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஷிப்டுக்குப் போகிற பஸ்கள் வரிசையாக வரும். பஸ் கடக்கும்போது எழும்புகிற காற்றும் பக்கவாட்டு வாடையும் சேர்ந்தால் சைக்கிள் ஓரத்துக்குத் தள்ளும். ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துப் போக வேண்டும். பறவை பார்ப்பதென்றால் இறங்கி நின்று பார்க்க வேண்டும். செக்போஸ்ட் வருவதற்கு வெகு முன்பே திரும்பிவிட்டோம்.

அடுத்த ராத்திரி தடா. அதாவது என் வீடு. காட்டிலும் மேட்டிலும் படுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக் கட்டிலில் படுத்தால் அது என்ன பயணம் என்று தம்பிகள் பிடிவாதம். எங்கள் மாமியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாடி காலியாத்தானே கெடக்கு, அங்க கட்டிக்குங்கப்பா உங்க கூடாரத்த" என்றார். எறாத் தொக்கும் சோறும் போட்டு, மொட்டை மாடிக்கு அனுப்பிவைத்தார். கொசு அங்கேதான் அதிகம்.

தடாவுக்குக் கிழக்கே பீமுலவாரிபாளையம் படகுத்துறை. அங்கிருந்து இரக்கம் தீவுக்கு ஆட்கள் படகில் போய்வருகிறார்கள். தீவில் பெரும்பாலும் நம்மைப் போலத் தமிழ் பேசுகிற ஜனங்கள். சைக்கிளைப் படகில் ஏற்றலாமே என்று பேச்சு வந்தபோது அண்ணன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தது இந்த வட்டாரத்தில் யாருக்கும் மறக்கவில்லை. பாரம் ஏற்றிய படகில் விளையாட்டு வேண்டாம்.

ஆரம்பாக்கம் வந்தால் தமிழ்நாடு. நெடுஞ்சாலையை விட்டுச் சுண்ணாம்புக்குளம் பக்கம் இறங்கியதும் மறுபடி ஏரி. அங்கே ஓரத் தண்ணீரில் இருளர் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி எறா பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறியை வாயில் கவ்வியிருப்பார்கள். வாயைத் திறந்து பேச முடியாது. நாங்கள் கையாட்டினோம். கண்ணால் சிரித்தார்கள்.

கடைசி ராத்திரி அண்ணாமலைச்சேரிப் பக்கம். அங்கே ஒரு பெரியவர் பாடு முறையை விளக்கினார். எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாது, சுற்றி வரும். "அப்ப இன்னைக்கு எங்களுக்கு எந்தப் பாடுங்க?" என்று தம்பி கேட்டான். "உங்களுக்குப் பள்ளிக்கூட வராந்தாதான் தம்பி, மழை மூட்டம் போட்டிருக்கு" என்றார். சொன்ன மாதிரியே ஒரு மணிக்குத் தூறல்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613ல் கட்டிய ஜெல்ட்ரியா கோட்டையில் இன்று மேடும் புதருமே மிச்சம். கல்லறைத் தோட்டம் நன்றாக இருக்கிறது. வாசலில் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள். டீச்சர் கல்வெட்டுகளைப் படம் எடுத்துக்கொண்டார், நாங்கள் நிழலில் கிடந்தோம். அங்கிருந்து பொன்னேரிக்கு 20 கிலோமீட்டர் கூட இல்லை. சென்னையிலிருந்து ஒரு பகுதியை மட்டும் பார்க்க நினைக்கிறவர்கள் பொன்னேரியில் இறங்கி அண்ணாமலைச்சேரி வரை போய்த் திரும்பலாம். மாதம் தை. மாசி பிறந்தாலும் காலை பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அந்த ரோட்டில் மர நிழல் குறைச்சல்.

கேட்டதற்கு நன்றி, வணக்கம்.