அலங்காரம் வேறு, திருத்தம் வேறு

பெற்றோரே, ஆசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பெண் குழந்தைகள் ஃபோனில் ஆடும் அலங்கார விளையாட்டுகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். இந்தத் தலைப்பைச் சொன்னதும் அவையில் இரண்டு குரல்கள் கேட்கும். 'பொம்மைக்குச் சட்டை மாட்டுவதில் என்ன கெட்டுப்போகிறது' என்று ஒரு குரல். 'அந்த ஆப்பையெல்லாம் இன்றைக்கே அழித்துவிட வேண்டும்' என்று இன்னொரு குரல். இரண்டு பேருமே அந்த விளையாட்டை முதல் திரையிலிருந்து கடைசித் திரைவரை ஆடிப் பார்த்திருப்பது அரிது. ஆகவே விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுவோம்.

'மேக்ஓவர்', அதாவது ஒருவரின் தோற்றத்தையே மாற்றியமைக்கும் வகையில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் ஒரு பெண் முகம். நாலைந்து பருக்கள், கண்ணுக்குக் கீழே கருவளையம், அடர்ந்த புருவம், கலைந்த முடி. வாய் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. திரையின் அடியில் வரிசையாகக் கருவிகள்: பருவை அமுக்க ஒன்று, புருவ முடி பிடுங்க ஒன்று, நீராவி, க்ரீம், மாஸ்க். ஓர் அம்புக்குறி துடித்துக்கொண்டே இருக்கும்; அது காட்டும் இடத்தில் விரலை வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கப் பக்கத்தில் ஒரு பட்டை நிரம்பும். நிரம்பாமல் அடுத்த திரை வராது. கடைசிப் பருவும் போனதும் அவள் சிரிக்கிறாள், மணி ஒலிக்கிறது. அதற்குப் பிறகுதான் மேக்கப், உடை, நகை. முடிவில் ஒரு விருந்தோ திருமணமோ. கூடவே ஐந்து நட்சத்திரம்.

கவனித்துப் பார்த்தால் இதற்குள் இரண்டு விளையாட்டுகள் இருக்கின்றன. பிற்பாதி அலங்காரம். முற்பாதி திருத்தம். அலங்காரத்தில் சிவப்பா நீலமா என்று குழந்தை தேர்ந்தெடுக்கிறாள், இரண்டுமே சரி. திருத்தத்தில் தேர்வே கிடையாது. குறை எது என்று விளையாட்டு முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. நீக்குவது மட்டும்தான் குழந்தையின் வேலை. பொம்மைக்குப் பூச்சூட்டுவதும் துணி சுற்றுவதும் உலகமெங்கும் குழந்தைகள் தொன்றுதொட்டு ஆடுகிற ஆட்டம். பொம்மையின் முகத்தில் குறை தேடுவது புதிது. என் கணிப்பில் கெடுதல் என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் இந்த முற்பாதியிலும், முடிவில் வரும் நட்சத்திரத்திலும்தான் குடியிருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2017இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று நம் தலைப்பை நேராகவே தொடுகிறது. எட்டு, ஒன்பது வயதுச் சிறுமிகள் 80 பேர். சிலர் ஒரு காதல் சந்திப்புக்குப் பெண்ணை அலங்கரிக்கும் இணைய விளையாட்டை ஆடினார்கள். சிலர் பென்குயின் உணவகத்தில் பரிமாறும் விளையாட்டை ஆடினார்கள். ஆட்டம் வெறும் பத்து நிமிடம். அலங்கார விளையாட்டை ஆடியவர்களிடம் தங்கள் உடல்மீதான அதிருப்தி கூடுதலாக இருந்தது.

2006இல் வந்த இன்னொரு ஆய்வில் திரையே இல்லை. ஐந்து முதல் எட்டு வயதுச் சிறுமிகள் 162 பேருக்குப் படக்கதை காட்டினார்கள். சிலருக்கு அதில் பார்பி என்ற மெலிந்த பொம்மை, சிலருக்குப் பருமனான எம்மி என்ற பொம்மை, சிலருக்கு எந்தப் பொம்மையும் இல்லை. பார்பியைப் பார்த்த சிறியவர்கள் மெலிய வேண்டும் என்று கூடுதலாக விரும்பினார்கள். அந்த வயதுக் கூட்டத்தில் மூத்தவர்களிடம் அந்த விளைவு தெரியவில்லை. எவ்வளவு சின்ன வயதிலேயே மனதில் பதிகிறது என்பதுதான் இதில் பார்க்க வேண்டியது. இவ்வளவுக்கும், பார்பியின் உடல்வாகு நிஜப் பெண்ணுக்கு அமையும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று 1996இலேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள். அதே கணக்கில் கென் என்ற ஆண் பொம்மைக்கு ஐம்பதில் ஒன்று! ஆணைக் கொஞ்சம் மனிதனாகவே செய்திருக்கிறார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் பேச்சு நேர்மையாக இருக்காது. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் ஆறு முதல் பத்து வயதுச் சிறுமிகள் 117 பேர் விளையாடினார்கள். மெலிந்த பொம்மை கிடைத்தவர்களுக்கும் சராசரி உடல்வாகுப் பொம்மை கிடைத்தவர்களுக்கும் லெகோ கட்டைகள் கிடைத்தவர்களுக்கும் உடல் பற்றிய எண்ணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் பிறகு தின்பண்டம் வைத்தபோது, சராசரி உடல்வாகுப் பொம்மையோடு விளையாடியவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள். வாய் சொல்லாததைக் கை செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இதில் எதையும் ஏற்றிச் சொல்ல முடியாது.

இந்தப் பரிசோதனைகளின் எல்லையும் நமக்குத் தெரிய வேண்டும். சற்று நேரம் ஆடவிட்டோ படம் காட்டியோ உடனே அளக்கிறார்கள். மறுவாரம் என்ன, மறுவருடம் என்ன என்று இவை பேசுவதில்லை. தோற்றத்தைப் பற்றி ஏற்கெனவே கவலைப்படும் குழந்தை இத்தகைய விளையாட்டைத் தேடிப் போகவும் கூடும்; அப்போது எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம். ஒரு விளையாட்டு ஒரு சிறுமியைக் கெடுத்துவிடும் என்று இந்த மேடையிலிருந்து யாரும் சொல்ல முடியாது. சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீரில் இது ஒரு சொட்டு. எந்தக் குழாயை நம்மால் மூட முடியும் என்பதே கேள்வி.

அளக்கும் முறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இத்தகைய ஆய்வுகளில் மெலிந்த உருவத்திலிருந்து பருத்த உருவம்வரை வரிசையாகப் படங்களைக் காட்டி, 'நீ இப்போது எப்படி இருக்கிறாய், எப்படி இருக்க ஆசை' என்று கேட்பார்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் அதிருப்தியின் அளவு. ஆர்வத்தில் இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். அந்தக் கேள்வியே குழந்தையை ஒப்பிடப் பழக்கும்.

சரி, குழந்தை ஒரு விளையாட்டைக் கேட்கிறாள். என்ன செய்வது? ஃபோனின் ஆப் கடையில் போட்டிருக்கும் வயது முத்திரையை மட்டும் நம்பாதீர்கள். அந்த முத்திரை வன்முறை, ஆபாசம், சூதாட்டம் போன்றவற்றைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது. புருவம் பிடுங்கினால்தான் சிரிப்பேன் என்று அடம்பிடிக்கும் பொம்மை அதன் கண்ணில் படாது. நீங்களே பதினைந்து நிமிடம் ஆடுங்கள். ஒலியை வைத்துக்கொண்டு, விளம்பரங்களைத் தாண்டாமல், மூன்றாவது லெவல்வரை.

முதல் திரையில் அந்தப் பெண் எந்த நிலையில் வருகிறாள் என்று பாருங்கள். சாதாரணமாக வந்து 'இன்று என்ன உடுத்தலாம்' என்றால் ஒரு கதை. அழுதபடி வந்தால் வேறு கதை. அடுத்து, வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் ஆடுங்கள். இந்தச் சோதனைதான் பொய் சொல்லாது. ஒரு பருவை விட்டுவிட்டு அடுத்த பொத்தானை அழுத்துங்கள். விடுகிறதா, அம்புக்குறி வந்து விரட்டுகிறதா? மேக்கப்பே போடாமல் முடித்துப் பாருங்கள். மழைக்கோட்டும் நீச்சல் கண்ணாடியும் மாட்டி விருந்துக்கு அனுப்புங்கள். நல்ல விளையாட்டு சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்ளும். மோசமானது நட்சத்திரத்தைக் குறைக்கும், அல்லது 'மறுபடி முயற்சி செய்' என்று முகம் சுளிக்கும். மதிப்பெண் போடுவது யார் என்பதும் முக்கியம். கணினி போடுவது ஒரு வகை. மற்ற ஆட்டக்காரர்கள் ஓட்டுப் போடும் ஃபேஷன் போட்டி இன்னொரு வகை. அங்கே முன்பின் தெரியாதவர்களின் சுவைக்கு ஏற்ப உடுத்தக் குழந்தை பழகுகிறாள். போதாக்குறைக்கு அத்தகைய தளங்களில் அரட்டை வசதியும் இருக்கும்.

தோல் நிறத்தைத் தனியாகக் கவனியுங்கள். சில விளையாட்டுகளில் முகத்தைக் 'கழுவி' முடித்ததும் தோல் ஒரு படி வெளுத்திருக்கும். அழுக்குக்கும் நிறத்துக்கும் முடிச்சுப் போடும் வேலை இது. தொடங்குவதற்கு முன் ஒரு ஸ்க்ரீன்ஷாட், முடிந்ததும் ஒரு ஸ்க்ரீன்ஷாட்; இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும். உருவத்தைப் பருமனாக்க முடிகிறதா, முடிந்தால் அந்த உருவத்துக்கும் எல்லா உடையும் கிடைக்கிறதா என்பதையும் பாருங்கள். பெயருக்கு ஒரு பருமனான உருவத்தை வைத்துவிட்டு அதற்கு நாலே நாலு உடை தருவதும் ஒரு தீர்ப்புதான்.

எல்லை எங்கே போய் நிற்கும் என்பதற்கு 2014 ஜனவரியில் ஒரு சாட்சி கிடைத்தது. பார்பி பெயரை ஒட்டிக்கொண்ட ஓர் ஆப், பருமனான சிறுமிக்குக் கத்தியும் ஊசியும் வைத்துக் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்யக் குழந்தைகளை அழைத்தது. ட்விட்டரில் எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது கடையிலிருந்து இறக்கப்பட்டது. 2017இல் மருத்துவத்திலும் உயிரியலிலும் எழும் நெறிக் கேள்விகளை ஆராயும் பிரிட்டனின் நஃபீல்டு உயிர்நெறி மன்றம், குழந்தைகளைக் குறிவைக்கும் அழகு அறுவைசிகிச்சை விளையாட்டுகளைக் கடையிலிருந்து அகற்ற வேண்டும் என்றது. இந்த வகைக்குப் பதினைந்து நிமிடச் சோதனைகூட வேண்டாம்.

விளம்பரத்தையும் மறந்துவிடக் கூடாது. இலவச விளையாட்டில் அழகான உடைகளின்மேல் பூட்டுச் சின்னம் தொங்கும். திறக்க விளம்பரம் பார், இல்லையேல் காசு கொடு என்கும். பத்து நிமிடத்தில் எத்தனை விளம்பரம், எதைப் பற்றி என்று எண்ணுங்கள். விளையாட்டு சாதுவாக இருந்தும் நடுவில் ஓடும் விளம்பரம் அசிங்கப்பட்ட மனைவி, ஓடிப்போன கணவன் என்று நாடகம் போடும். ஃபோன் அமைப்பில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்கும்படி வைத்து, அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். 'உன் பொம்மை உனக்காக அழுகிறாள்' என்று இரவில் வரும் அறிவிப்பு யாருக்கும் தேவையில்லை.

வயதுக்கு வருவோம். விளம்பரம் தன்னை வாங்கவைக்கத்தான் வந்திருக்கிறது என்று ஏறத்தாழ எட்டு வயதுக்குக் கீழ்க் குழந்தைகளுக்குச் சரியாகப் புரிவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் பணிக்குழு 2004இல் சொன்னது. நோக்கம் புரியாத வயதில் விளக்கவுரை பெரிதாக உதவாது. அங்கே நாம் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதே வழி. எட்டு வயதுக்கு மேல் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம், கேள்வி கேட்கலாம். 'இவள் ஏன் அழுகிறாள்? பரு வந்தால் அழ வேண்டும் என்று யார் முடிவு செய்தது? இதைச் செய்தவர்களுக்கு உன்னிடம் என்ன வேண்டும்?' ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும். மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். குழந்தை ஃபோனை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள்.

பெரியவர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. 'நீ ஏற்கெனவே அழகுதான் கண்ணு' என்பது முதல் சறுக்கல். அன்பான பேச்சுதான், ஆனால் அழகே அளவுகோல் என்பதை நாமும் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிறது. அதற்குப் பதில் அவள் செய்ததைச் சொல்லலாம்: 'பச்சையும் ஆரஞ்சும் சேர்த்தது புதுசாக இருக்கிறதே, எப்படித் தோன்றியது?' அடுத்தது, விளையாட்டைத் திட்டிவிட்டுக் கண்ணாடி முன் நின்று 'ஐயோ, எப்படிப் பெருத்துவிட்டேன்' என்று நாமே புலம்புவது. அந்தப் புலம்பல் ஆப்பைவிட அருகிலிருந்து கேட்கிறது. மூன்றாவது, அலங்கார ஆசையையே கேலி செய்வது. பெண் குழந்தைக்குப் பிடித்தது என்பதாலேயே ஒன்றை மட்டமாகப் பேசும் பழக்கம் பெரியவர்களிடம் உண்டு. பந்து உதைக்கும் விளையாட்டில் வீரனுக்குச் சட்டை மாற்றுகிற பையனை யாரும் இப்படி மேடை போட்டு விசாரிப்பதில்லை.

அந்த ஆசைக்கு வேறு வாய்க்காலும் உண்டு. 1996இல் பார்பியைத் தயாரிக்கும் மேட்டல் நிறுவனம் வெளியிட்ட உடை வடிவமைப்பு சிடி-ரோம் முதல் இரண்டு மாதத்திலேயே ஐந்து லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. அதில் குழந்தை திரையில் உடையை வடிவமைத்து, காகிதம் ஒட்டிய தனித் துணியில் அச்செடுத்து, கையிலிருக்கும் பொம்மைக்குப் போட்டுவிடலாம். பொம்மை அதே பார்பிதான். ஆனால் குழந்தை செய்யும் வேலை வேறு. அவள் குறை தேடவில்லை, உடை உருவாக்கினாள். இன்றைக்கும் துணியின் வடிவத்தை வரையவிடும், கதைக்கும் நாடகத்துக்கும் வேடம் போடவிடும், மதிப்பெண்ணே இல்லாத விளையாட்டுகள் தேடினால் கிடைக்கும். திரை இல்லாமல் காகிதம், கத்தரிக்கோல், பழைய துணி என்றாலும் அதே ஆசை தீரும்.

ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தால், அவள் தூங்கும்போது அழிக்காதீர்கள். அந்தப் பாத்திரத்தை அவள் வாரக்கணக்கில் வளர்த்திருப்பாள். காலையில் அது இல்லாமல் போனால் நம்பிக்கைதான் உடையும், அடுத்ததைத் தோழியின் ஃபோனில் ஆடிக்கொள்வாள். காரணத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பிடித்த உடைகளை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளட்டும். மாற்று விளையாட்டு ஒன்றை அவளோடு உட்கார்ந்து ஏற்றி, சிலநாள் இரண்டும் இருக்கட்டும். பிறகு அவள் கையாலேயே பழையதை நீக்கச் சொல்லுங்கள்.

ஆட்டத்தை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் குழந்தை சாப்பாட்டைத் தவிர்க்கிறாள், புகைப்படத்துக்கு நிற்க மறுக்கிறாள், உடம்பைப் பார்ப்பார்கள் என்று ஓடியாட வர மாட்டேன் என்கிறாள், இது வாரக்கணக்கில் நீடிக்கிறது என்றால் ஆப்பைப் பற்றிய பேச்சை அங்கேயே விட்டுவிட்டுக் குழந்தைகள்நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அங்கே அவள் காதுபட எடையைப் பற்றி விவாதிக்க வேண்டாம் என்று மருத்துவரிடம் முன்னதாகவே தனியாகச் சொல்லிவிடுங்கள்.