எட்வர்ட் ஹோலும் எங்கள் கவுண்டர் வரிசையும்

தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற அதிபர்மாரே, இந்த மழைக்குள்ளும் மட்டக்குளியிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்திருக்கும் ஆசிரியைமாரே, மண்டபமும் தேநீரும் தந்த நிர்வாகக் குழுவினரே, வணக்கம். நேரம் குறைவு என்று செயலாளர் தம்பி சொன்னார், சரி, ஆனால் தலைவரின் அன்பான அறிமுகத்துக்கு நன்றி சொல்லாமல் தொடங்க எனக்கு மனம் வராது.

எட்வர்ட் ஹோல் என்ற அமெரிக்க மானிடவியலாளரைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: தூரம், நேரம், சொல்லாமல் சொல்வது. 1914 இல் பிறந்தவர். 1930களில் அரிசோனாவில் நவஹோ, ஹோபி என்ற பழங்குடி மக்களோடு வேலை செய்தார். 1950களில் வெளிநாடு போகும் அமெரிக்க அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தபோது, மொழியைப் படித்தால் மட்டும் காணாது, அந்த ஊர்க்காரர் எவ்வளவு கிட்ட நின்று கதைக்கிறார், எவ்வளவு நேரம் காக்கவைக்கிறார் என்பதையும் படிக்கவேண்டும் என்றார். 1959 இல் வந்த அவருடைய 'த சைலண்ட் லாங்குவேஜ்' நூலிலிருந்துதான் பண்பாடுகளுக்கிடையிலான தொடர்பாடல் என்ற துறையே கிளைத்தது என்று சொல்பவர்கள் பலர்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று என் அம்மம்மா சொல்லுவா. ஹோல் காலடியையும், அதாவது ஒருவர் எவ்வளவு தள்ளி நின்று கதைக்கிறார் என்பதையும் பார்த்தார். 18 அங்குலம் வரை நெருக்கமானவர்களுக்கு, 4 அடி வரை பழகியவர்களுக்கு, 12 அடி வரை அலுவல் பேச்சுக்கு, அதற்கப்பால் மேடைக்கு என்று 1966 இல் எழுதினார். இது பெரும்பாலும் வடகிழக்கு அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரைப் பார்த்துச் சொன்னது, எல்லோருக்கும் பொருந்தாது என்றும் அவரே எழுதிவைத்தார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

இப்போது ஒரு கதை. மன்னாரிலிருந்து எங்கள் உறவுக்காரப் பெரியவர் ஒருவர், வேட்டி சால்வையோடு, பிறப்புச் சான்றிதழ் விஷயமாகக் கொழும்பில் ஒரு கந்தோருக்குப் போனார். அதிகாரிக்கு முன்னால் இடித்துக்கொண்டு நிற்பது மரியாதையில்லை என்று வளர்ந்த மனுஷன், கவுண்டரை விட்டுத் தள்ளி, கைகட்டி நின்றார். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அந்த இடைவெளிக்குள் புகுந்து அலுவலை முடித்துப் போனார்கள். எழுதுவினைஞர் அவரை யாருக்கோ துணையாக வந்தவர் என்று நினைத்தார். சிங்களத்தில் பெயரைக் கூப்பிட்டதும் இவருக்கு விளங்கவில்லை. மத்தியானமாகிவிட்டது! கடைசியில் வரிசையில் நின்ற ஒரு சிங்களப் பிள்ளை, அரைகுறைத் தமிழில், "ஐயா, என்ன வேணும்?" என்று கேட்டாள். அவளே கூட்டிப்போய்ச் சொன்னாள். அந்த எழுதுவினைஞர் எழுந்து வந்து கதிரை போட்டுக் கொடுத்தார், பாருங்கள், கெட்டவரே இல்லை. அகத்தின் அழகு முகத்தில் தெரியும்தான், ஆனால் பெரியவரின் முகத்தைப் படிக்க ஒருவரும் அந்த எழுதுவினைஞருக்குப் பழக்கவில்லை.

ஆகவேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 1987 இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எத்தனை கவுண்டரில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வருகிறது? ஒவ்வொரு கந்தோரிலும் தமிழ் கதைக்கும் ஒருவர் இருக்கவேண்டும், உத்தியோகத்தர்களின் மொழிப் பயிற்சியில் ஹோல் சொன்ன இந்தப் பழக்கவழக்கப் பாடமும் சேரவேண்டும். எங்கள் பிள்ளைகளும் சிங்களம் படிக்கவேண்டும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நேரமும் சொல்லாமல் சொல்வதும் இன்னொரு கூட்டத்துக்கு இருக்கட்டும். இதையெல்லாம் கேட்கும் மனு வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்தோடு, எந்தக் கந்தோரில் உங்களுக்குத் தமிழில் பதில் கிடைக்கவில்லை என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள்.