மடியில் கனம்: ரஷ்ய அரசியலில் உளவுத்துறையும் உள்வட்டமும்

தலைமை ஏற்றிருக்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, பணிச்சுமைக்கு நடுவிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட நூலக அலுவலர் அம்மையார் அவர்களே, அன்போடு வரவேற்ற வாசகர் வட்டச் செயலாளர் அவர்களே, அரங்கை வாடகையின்றித் தந்த புரவலர் ஐயா அவர்களே, மழையிலும் வந்திருக்கும் தாய்மார்களே, மாணவக் கண்மணிகளே, அனைவருக்கும் வணக்கம்.

மூன்று செய்திகளைப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். ரஷ்ய உளவுத்துறையின் அமைப்பு, அதிபரின் உள்வட்டம், வெளிநாடுகளில் அவர்கள் செய்யும் வேலை.

‘மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்’ என்றார்கள் நம் முன்னோர். ரஷ்ய அரசியலின் பூட்டைத் திறக்க இதைவிட நல்ல சாவி கிடையாது.

1917 டிசம்பர் 20 அன்று ஜெர்ஜின்ஸ்கி தலைமையில் செகா என்ற ரகசியப் போலீஸ் பிறந்தது. பல பெயர் மாறி 1954இல் கேஜிபி ஆனது. 1991 ஆகஸ்டில் சோவியத் அதிபர் கோர்பச்சேவுக்கு எதிரான கவிழ்ப்பு முயற்சியில் கேஜிபி தலைவர் கிரியுச்கோவே முன்னின்றார். அது தோற்றது, கேஜிபியைத் துண்டுகளாகப் பிரித்தார்கள். உள்நாட்டுக்கு எஃப்எஸ்பி, வெளிநாட்டு உளவுக்கு எஸ்விஆர், அதிபரின் பாதுகாப்புக்கு எஃப்எஸ்ஓ. ஆனாலும் டிசம்பர் 20தான் இன்றைக்கும் அவர்களுக்குக் கொண்டாட்ட நாள்.

இரண்டு உத்திகளைக் கவனியுங்கள். ஒன்று, அயற்பணி. எஃப்எஸ்பி அதிகாரிகள் வங்கியிலும் அமைச்சகத்திலும் எண்ணெய் நிறுவனத்திலும் போய் உட்கார்வார்கள். இன்னொன்று, சோர்ம் என்னும் ஒட்டுக்கேட்புக் கருவி. தொலைபேசி நிறுவனம் தன் செலவில் அதைப் பொருத்தித் தர வேண்டும். ஒட்டுக்கேட்க நீதிமன்ற ஆணை தேவை. ஆனால் அதிகாரி அந்த ஆணையை நிறுவனத்திடம் காட்ட வேண்டியதில்லை. காட்டாத ஆணையை யார் சரிபார்ப்பது?

உள்வட்டத்துக்கு வருவோம். புதின் 1998 ஜூலையில் எஃப்எஸ்பி இயக்குநர், 1999 ஆகஸ்டில் பிரதமர், அந்த ஆண்டின் கடைசி நாளில் பொறுப்பு அதிபர். அவருக்குப் பின் எஃப்எஸ்பியை நடத்திய பத்ருஷேவ், 2008 முதல் நடத்தும் போர்ட்னிகோவ் இருவருமே லெனின்கிராட், அதாவது இன்றைய பீட்டர்ஸ்பர்க், கேஜிபியில் இருந்தவர்கள். 1996இல் ஏரிக்கரை வீடுகளுக்காக எட்டுப் பேர் தொடங்கிய ‘ஓசெரோ’ கூட்டுறவுச் சங்கத்திலும் புதின் உண்டு. அதில் யாகூனின் பின்னாளில் ரயில்வே தலைவர், அந்திரேய் ஃபுர்செங்கோ கல்வி அமைச்சர்.

இப்போது ஒரு சம்பவம். பொருளாதார அமைச்சர் உல்யுகாயேவ். ரோஸ்நெஃப்ட் என்ற அரசு எண்ணெய் நிறுவனம் இன்னொரு எண்ணெய் நிறுவனமான பாஷ்நெஃப்ட்டை வாங்க அவர் அமைச்சகம் முதலில் தடை சொன்னது, பிறகு சம்மதித்தது. 2016 நவம்பர் 14 மாலை ரோஸ்நெஃப்ட் தலைவர் செச்சின் அவரைத் தன் அலுவலகத்துக்கு அழைக்கிறார். செச்சின் யார்? புதின் பீட்டர்ஸ்பர்க் நகர நிர்வாகத்தில் இருந்த காலத்திலிருந்தே அவரது நிழல். அமைச்சர் வருகிறார். பூட்டிய ஒரு பை கைமாறுகிறது, கூடவே சாவி. உள்ளே 20 லட்சம் டாலர்! நூறு டாலர் தாளாக வைத்தால் 20,000 தாள். தாளுக்கு ஒரு கிராம், ஆக 20 கிலோ. அதோடு விடவில்லை, ஒரு கூடை நிறையத் தொத்திறைச்சியும் பரிசு! பேச்சு முழுவதும் பதிவாகிக்கொண்டிருந்தது. பையோடும் கூடையோடும் அமைச்சர் கிளம்பும்போது, அந்தச் சம்மதத்துக்கு லஞ்சம் வாங்கினார் என்று எஃப்எஸ்பி பிடித்தது. பொறியை முன்னின்று நடத்திய ஃபியோக்திஸ்தோவ், எஃப்எஸ்பியிலிருந்து வந்து ரோஸ்நெஃப்ட்டின் பாதுகாப்புப் பிரிவில் அமர்ந்திருந்த ஜெனரல். அயற்பணி என்றேனே, அதுதான் ஐயா! பையில் மது இருப்பதாக நினைத்தேன், லஞ்சம் கேட்கவே இல்லை என்றார் உல்யுகாயேவ். எட்டாண்டுத் தண்டனை விழுந்தது. முக்கியச் சாட்சியான செச்சினை நீதிமன்றம் நான்கு முறை அழைத்தது, ஒருமுறைகூட வரவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். அந்த ஊரில் மேல்மட்டத்தில் பலர் மடியிலும் கனம் உண்டு. எவர் மடியை எந்த நாளில் அவிழ்ப்பது என்பதைக் கோப்பு வைத்திருப்பவர் முடிவுசெய்கிறார்.

வெளிநாட்டு வேலைகளை விரித்துப் பேச நேரமில்லை; தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கோப்பு என்றதும் என் மனம் ஆவணக் காப்பகத்துக்குத்தான் ஓடுகிறது, பொறுத்தருளுங்கள். கிழக்கு ஜெர்மனியின் உளவுத்துறை தன்மீது எழுதிவைத்ததை எவரும் கேட்டுப் படிக்கலாம் என்று ஜெர்மனி 1991 டிசம்பரிலேயே சட்டம் போட்டது. ரஷ்யா அப்படித் திறக்கவில்லை. கேஜிபி ஆட்களைப் பதவியிலிருந்து விலக்கி வைக்கும் சட்டத்தை 1992இல் முன்மொழிந்தார் நாடாளுமன்ற உறுப்பினர் கலினா ஸ்தரவோய்தோவா, நிறைவேறவில்லை. 1998 நவம்பர் 20 அன்று தன் வீட்டு வாசற்படிக்கட்டில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சோவியத் அடக்குமுறைக்கு ஆளான 30 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயரைத் தொகுத்தது மெமோரியல் அமைப்பு. 2021 டிசம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. அரசின் மடியிலும் கனம் இருக்கிறது. அதனால்தான் பெயர்ப்பட்டியலைக் கண்டுகூட அதற்குப் பயம்.

2007 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் 29 அன்று மாஸ்கோவின் லுபியான்கா சதுக்கத்தில், எஃப்எஸ்பி தலைமையகத்தின் எதிரே, காலை 10 முதல் இரவு 10 வரை மக்கள் வரிசையில் நின்று, அந்த அடக்குமுறையில் சுடப்பட்டவர்களின் பெயர், வயது, தொழில், சுடப்பட்ட நாள் ஆகியவற்றை வாசித்தார்கள். 2020 முதல் அங்கே அனுமதியில்லை. உலகின் பல ஊர்களில் வாசிக்கிறார்கள். நம் நூலகத்திலும் அதே நாளில் வாசிக்க வேண்டும் என்று அலுவலர் அம்மையாரிடம் இந்த மேடையிலேயே விண்ணப்பிக்கிறேன். ஆளுக்கு இரண்டு பெயர் போதும். தாளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுத் தருகிறோம், உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். வாசிக்க முன்வருவோர் வாசல் மேசையில் இருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.