பெயர் தெரிய வேண்டியது காவல்துறைக்கு, ஊருக்கெல்லாம் எதற்கு?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

"அழைப்பவர் பெயர் திரையில் தெரிவது பாதுகாப்பா, அத்துமீறலா?" என்பது தலைப்பு. அத்துமீறலே என்ற அணியில் நிற்கிறேன். எனக்கு முன் பேசிய நண்பர், "கதவைத் தட்டுகிறவன் யாரென்று தெரியாமல் திறப்போமா?" என்று கேட்டுக் கைதட்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார். திறக்க மாட்டோம் ஐயா. "யாருங்க?" என்று குரல் கொடுப்போம். ஆதார் அட்டையைக் கதவிடுக்கில் நீட்டச் சொல்வோமா?

இப்போது வருவது அந்த ஏற்பாடுதான். சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் இருந்த பெயர், நாம் யாரை அழைத்தாலும் அவர் திரையில் விழும். 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்தபோது, கேட்கிறவர்களுக்கு மட்டும் இந்த வசதி என்றது. 2025 அக்டோபரில் அது மாறி, கேட்காமலே எல்லோருக்கும் என்றானது. வேண்டாதவர் நிறுத்திக்கொள்ளலாமாம். நிறுத்தும் உரிமை யாருக்கு? பெயரைப் பார்க்கிறவருக்கு! பெயருக்குச் சொந்தக்காரர் வாய் திறக்க வழியில்லை.

"மிரட்டல் அழைப்பு வந்தால் என்ன செய்வது?" என்று எதிரணி கேட்கும். பழைய படங்களில் இன்ஸ்பெக்டர், "இன்னும் ரெண்டு நிமிஷம் பேச்சுக் கொடுங்க" என்பார். இயந்திர எக்ஸ்சேஞ்ச் காலத்தில் அதில் நியாயம் இருந்தது. ஊழியர் ஒவ்வொரு சுவிட்சாகப் பின்னோக்கித் தேடிப் போக வேண்டும், நடுவில் லைன் அறுந்தால் தடயமும் போச்சு. இன்று மணி அடிப்பதற்கு முன்பே எண் வந்து சேர்ந்துவிடுகிறது. மறைத்து அழைத்தாலும், சிக்னலில் முழு எண்ணும் வரும், கூடவே "காட்டாதே" என்று ஒரு குறியும் வரும். கடைசி எக்ஸ்சேஞ்ச் அந்தக் குறியைப் பார்த்து உங்கள் திரைக்கு மட்டும் எண்ணை விடாது. பதிவில் எண் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஆகவே மிரட்டல் வந்தவர் செய்ய வேண்டியது இதுதான். கால் லாக்கை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேதி, நிமிஷம் வரை நேரம், எவ்வளவு நேரம் பேச்சு நடந்தது, உங்களுடைய எந்த சிம்முக்கு வந்தது, இவ்வளவையும் புகாரில் எழுதுங்கள். எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரி கேட்டால் தொலைபேசி நிறுவனம் சி.டி.ஆர். என்ற அழைப்புப் பதிவைக் கொடுக்கும். அதில் அழைத்த எண், நேரம், கைப்பேசிக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ, அழைப்பு தொடங்கிய டவர், முடிந்த டவர் எல்லாம் இருக்கும். சிம்மைத் தூக்கி எறிந்துவிட்டானா? அதே ஐஎம்இஐயில் வேறு எந்த சிம் ஓடியது என்று தேடுவார்கள். 2021 டிசம்பரில் வந்த உரிமத் திருத்தப்படி இந்தப் பதிவுகளை நிறுவனங்கள் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். பெயரை மறைத்து மிரட்டினால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351(4) பிரிவு மிரட்டலுக்கான தண்டனைக்கு மேல் இன்னும் இரண்டு ஆண்டு வரை சேர்க்கிறது. சட்டம் தூங்கவில்லை. ஸ்டேஷனில் புகாரைப் பதிவு செய்யத் தாமதம் ஆகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மருந்து ஸ்டேஷனில் போட வேண்டும், என் பெயரைத் தெருவில் ஒட்டுவதில் இல்லை.

இத்தனை இருந்தும் யார் தப்பிக்கிறான்? இணையவழி அழைப்புக்காரன். அங்கே பல நேரம் கிடைப்பது இணைய இணைப்பின் எண்ணான ஐபி முகவரி மட்டுமே. ஒரே முகவரியை ஒரே நேரத்தில் ஏராளமான கைப்பேசிகள் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வோர் இணைப்பையும் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் நொடி வரை நேரமும் இல்லையென்றால் ஆளைப் பிரித்தெடுக்க முடியாது. அடுத்தவன் சிம் பாக்ஸ்காரன். வெளிநாட்டு அழைப்பை இணையத்தில் கொண்டுவந்து, ஒரு பெட்டியில் செருகிய சிம்கள் வழியாக உள்ளூர் அழைப்பாக மாற்றுகிறான். அவனைக் காட்டிக்கொடுப்பதும் பதிவுதான். அந்த சிம்மில் வெளியே போகும் அழைப்புகள் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் வராது. மாதம் முழுக்க டவர் மாறாது. மனிதன் என்றால் கடைத்தெருவுக்காவது போவானே! அவன் செருகியிருப்பது யாரோ ஒரு ஏழையின் ஆதாரில் வாங்கிய சிம். திரையில் அந்த அப்பாவியின் பெயர் வரும். பெயரைப் பார்த்து நம்பி எடுப்பவர் கூடுதலாக ஏமாறுவார்.

இதற்கெல்லாம் வேறு இடத்தில் பூட்டு போட்டாயிற்று. வெளிநாட்டிலிருந்து இந்திய எண் போல வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை ஓர் அமைப்பைத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி அழைப்புகள் சிக்கியதாக அரசே சொன்னது. ஒரு பெயரைக்கூட யாருக்கும் காட்டவில்லை. விளம்பரத்துக்கு 140, வங்கிச் சேவைக்கு 1600 என்று எண் வரிசையே பிரித்தாகிவிட்டது. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு பகுதியில் மோசடி அழைப்பைப் புகார் செய்யலாம், பணம் போயிருந்தால் 1930 என்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

சரி, பெயர் தெரிவதால் என்ன கெட்டுவிடும்? "வீடு வாடகைக்கு" என்ற பலகையைப் பார்த்து ஒருவர் அழைக்கிறார். வீட்டுக்காரர் இன்னும் "ஹலோ" சொல்லவில்லை, திரையில் பெயர் வந்துவிட்டது. நம் நாட்டில் ஒரு பெயர் மதத்தைச் சொல்லும், சில பெயர்கள் சாதியையும் சேர்த்தே சொல்லும். மணி அடித்து ஓய்கிறது. மறுபடி அழைத்தால் "வீடு முடிஞ்சிருச்சுங்க." மறுத்ததற்குச் சாட்சி ஏது? தவறவிட்ட அழைப்புதானே!

இன்னொன்று, நம் வீடுகளில் எத்தனை சிம் அப்பா பெயரில், கணவர் பெயரில் ஓடுகிறது? பழைய சைக்கிள் விற்பனைக்கு என்று பார்த்துக் கேட்கிற பெண், அறிமுகமே இல்லாத ஆளிடம் தன் அப்பா பெயரைக் கொடுத்துவிட்டு வருகிறாள். அவளுடைய பெயர் மட்டும் வருவதில்லை. இதற்குப் பெயர் அடையாளமாம்.

எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவருக்கு ஒரு கேள்வியை விட்டுப் போகிறேன். எண்ணை மறைக்கும் வசதி நம் நாட்டில் கேட்டவர்க்கெல்லாம் கிடைக்காது. முக்கியப் பிரமுகர்கள், உளவு அதிகாரிகள், காவல்துறை சரிபார்த்து அனுமதித்த சிலர், இவர்களுக்குத்தான். புதிய ஏற்பாட்டிலும் இவர்கள் பெயர் திரையில் வராது என்று விதிவிலக்கு வைத்திருக்கிறார்கள். பெயர் தெரிவது அவ்வளவு பாதுகாப்பு என்றால், நாட்டிலேயே அதிகப் பாதுகாப்பு தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் அதை ஏன் கொடுக்கவில்லை?