பாகூர் தாத்தாவோட எட்டு வருஷம்

வணக்கம் நேயர்களே. எனக்கு குடுத்திருக்கிறது கொஞ்ச நேரம், அதுக்குள்ள பத்து வருஷத்த சொல்லியாகணும், பாப்போம்.

போன மாசம் எங்க அக்கா பொண்ணு ஒரு நோட்ட தூக்கிகிட்டு கடலூர் மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்தா. கதை எழுதுறாளாம், அதுல ஒரு நாடு வருதாம், இல்லாத நாடு, அவளே மேப்பு போட்டு கொடிக்கு கலரெல்லாம் அடிச்சு வெச்சிருக்கா, அந்த நாட்டுல பத்து வருஷத்துல ஆட்சி எப்படி மாறுதுங்கிறதுதான் கதை. படிச்சேன். ராஜா சாவுறான், புரட்சி வெடிக்குது, புதுக் கொடி ஏறுது, ஜனங்க ஆடுது பாடுது, முடிஞ்சுது. நல்லாதாம்மா இருக்கு, ஆனா உன் நாட்டுல ஒருத்தன்கூட பர்த் சர்டிபிகேட் வாங்க போகலியேன்னு கேட்டேன். மொறச்சா. "மாமா, இது பேன்டசி"ன்னா.

அடி போடி, பேன்டசிய தேடி எங்க போற, இங்கேருந்து பஸ் ஏறி முள்ளோடை எல்லைய தாண்டி புதுச்சேரிக்குள்ள போனா போதும்னு ஆரம்பிச்சேன். அன்னிக்கு அவளுக்கு சொன்னததான் இப்ப உங்களுக்கும் சொல்றேன்.

எங்க அம்மாவப் பெத்த தாத்தாவுக்கு பாகூர். கடலூர்லேருந்து கூப்பிடு தூரம்தான், ஆனா அவரு பொறந்தது பிரெஞ்சுக்காரன் மண்ணு, ஆயாவுக்கு பொறந்த வீடு கடலூரு, அது இங்கிலீஷ்காரன் மண்ணு. 1947-ல இந்தப் பக்கம் சுதந்திரம் வந்துடுச்சு, அந்தப் பக்கம் வரல. நடுவுல சுங்கச் சாவடி. இந்தப் பக்கம் மதுவிலக்கு வேற, அந்தப் பக்கம் கடை தொறந்து கெடக்கு, அதனால யாரு யாரு எதுக்கு எந்தப் பக்கம் நடந்தாங்கன்னு நான் ரேடியோவுல சொல்ல வேணாம். மேப்ப பாத்தா இன்னும் கூத்து. இன்னிக்கும் புதுச்சேரிலேருந்து விழுப்புரம் பஸ்ல போங்க, வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மறுபடி புதுச்சேரி. இப்படி ஒரு நாட்ட கதையில எழுதினா எடிட்டர் நம்பமாட்டாரு.

1954-தான் எல்லாம் தலைகீழான வருஷம். எதுவார் குபேர்னு ஒருத்தர், பீச் ரோட்டுக்கும் பெரிய மார்க்கெட்டுக்கும் பேரா இருக்காரே அவருதான், அதுவரைக்கும் பிரெஞ்சு ஆதரவுல பெரிய கை, அந்த மார்ச்சுல திடீர்னு இணைப்புக்கு ஆதரவுன்னு திரும்பி நெட்டப்பாக்கம் போய் இந்தியக் கொடிய ஏத்திட்டாரு. அதுக்கு பல வருஷம் முன்னாலேயே மில்லு தொழிலாளிங்கள கூட்டி போராடின வ. சுப்பையா மாதிரி ஆளுங்களுக்கு அத பாத்து எப்படி இருந்திருக்கும்! 1936 ஜூலை 30-ல மில்லு வேலைநிறுத்தத்துல 12 பேரு குண்டடி பட்டு செத்திருக்காங்க. வேர்வை ஒருத்தனுது, ரோட்டு பேரு இன்னொருத்தனுது, இது என் சொந்த வயித்தெரிச்சல், விடுங்க.

அக்டோபர் 18-ந்தேதி புதுச்சேரி பக்கம் கீழூருங்கிற கிராமத்துல, இந்தியாவோட சேரலாமா வேணாமான்னு ஓட்டு. சாதாரண ஜனங்க ஓட்டு போட்டாங்கன்னு நிறைய பேரு நெனைக்கிறாங்க, அப்படி இல்ல, தேர்ந்தெடுத்த பிரதிநிதிங்க 178 பேரு, அதுல 170 பேரு இந்தியாவோட சேரணும்னாங்க, 8 பேரு வேணாம்னாங்க. நவம்பர் 1-ந்தேதி நிர்வாகம் கை மாறிடுச்சு. அக்கா பொண்ணு கதையா இருந்தா இங்க முடிஞ்சிருக்கும்.

இங்கதான்யா ஆரம்பமே. நிர்வாகம்தான் இந்தியா, சட்டப்படி மண்ணு இன்னும் பிரான்சோடது. 1956 மே மாசம் ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க, அத பிரெஞ்சு பார்லிமெண்ட் ஒத்துக்கறதுக்குள்ள 1962 வந்துடுச்சு. அந்த வருஷம் ஆகஸ்ட் 16-தான் முறைப்படி இணைஞ்சது, அதனாலதான் 15-ந்தேதி ஒரு கொடியேத்தம், மறுநாள் கீழூர்ல இன்னொரு கொடியேத்தம். ஆக எங்க தாத்தா எட்டு வருஷம் காலையில எழுந்தா இந்தியாவுல ஏரு ஓட்டுறாரு, காகிதத்துல பிரெஞ்சு பிரஜை. நடுவுல 1957-ல நயா பைசா வேற வந்து ஆயாவ கொழப்பிடுச்சு, அணாவ பைசாவா மாத்துறதுல கடைக்காரன் ஏமாத்துறான்னு அது சாவுற வரைக்கும் சொல்லிகிட்டே இருந்துது.

இன்னொரு வேடிக்கை, பிரெஞ்சுக்காரன் கெளம்பின மறு வருஷம், 1955-ல, பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்னு அவங்க ஆராய்ச்சி நிலையம் புதுச்சேரிக்கு வருது. மொழியும் உடனே போயிடல, பிரதிநிதிங்க வேற முடிவு எடுக்கற வரைக்கும் பிரெஞ்சே ஆட்சிமொழின்னு ஒப்பந்தத்துலயே எழுதியிருக்கு. போலீஸ்காரர் தலையில அந்த செவப்பு தொப்பி இன்னும் இருக்கு. சில குடும்பத்துக்கு சொத்து விஷயத்துல இன்னிக்கும் பிரெஞ்சு சிவில் சட்டம்தான். 1963 ஜூலையில சட்டசபை, குபேரே முதல் முதலமைச்சர், அடுத்த வருஷமே பதவி போச்சு, அத விரிச்சு சொல்ல ஒண்ணுமில்ல.

விரிச்சு சொல்லவேண்டியது வேற. 1962 ஆகஸ்ட்லேருந்து ஆறு மாசம் டைம் குடுத்தாங்க. பிரெஞ்சு குடியுரிமையே வேணும்கிறவங்க எழுதிக் குடுக்கணும், குடுக்காதவங்க தானா இந்தியப் பிரஜை. பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்த சொல்தா குடும்பங்கள்ல நிறைய பேரு எழுதிக் குடுத்தாங்க, அவங்க பேரப்புள்ளைங்க இன்னிக்கு பாரீஸ்ல. ஒரு தெருவுல ஒரு வீட்டுக்கு பிரான்ஸ் பென்ஷன், பக்கத்து வீட்டுக்கு ரேஷன் கார்டு, ஒரு கையெழுத்துதான் வித்தியாசம்.

எங்க தாத்தா போடல. சின்ன வயசுல நான் ஏதோ பெருசா எதிர்பாத்து, தேசப்பற்றா தாத்தான்னு கேட்டிருக்கேன். அவரு வெத்தலைய ஒதுக்கிகிட்டு, "தையில சம்பா அறுப்புடா, ஆளு கெடைக்கறதே கஷ்டம், அத போட்டுட்டு பாண்டிச்சேரிக்கு போய் எவன் கியூவுல நிப்பான்"னாரு.

இத கேட்டதும் அக்கா பொண்ணு நோட்ட தெறந்து என்னமோ கிறுக்கினா. எட்டிப் பாத்தேன். அவ நாட்டு மேப்புல, அரண்மனைக்கு பக்கத்துல, புதுசா ஒரு வயக்காடு போட்டிருந்தா.