உழுதவன் கணக்கு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, இந்த நூலகத்துக்கு இடம் தந்த குடும்பத்தின் பெரியவர் அவர்களே, மாணவிகளை அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, மழையிலும் வந்து நாற்காலிகளை நிறைத்திருக்கும் வாசகர் வட்டத் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மன்னிப்பு, இழப்பீடு, ஆவணம் என்று மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்பார்கள். எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

2023 ஆகஸ்டில், தென் அமெரிக்காவில் இருக்கும் கயானா நாட்டின் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் கிளாட்ஸ்டன் என்பவர் எழுந்து நின்று, தம் முன்னோர் ஜான் கிளாட்ஸ்டன் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். நான்கு முறை பிரிட்டனின் பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் அப்பாதான் இந்த ஜான். லிவர்பூல் வணிகர். இன்றைய கயானாவின் ஒரு பகுதியான டெமராராவில் கரும்புத் தோட்டங்கள் வைத்திருந்தார். ஒருநாளும் அங்கே கால் வைத்ததில்லை.

அவருடைய ‘சக்சஸ்’ தோட்டத்தில் குவாமினா என்றொரு தச்சர். மனைவி பெக்கி சாகக் கிடக்கிறாள். பக்கத்தில் இருக்க விடாமல் வேலை வாங்குகிறார்கள். ஒருநாள் இரவு வேலை முடிந்து வருகிறார், அவள் செத்துக் கிடக்கிறாள். அம்மா, யோசித்துப் பாருங்கள்! அவர் மகன் ஜாக், பீப்பாய் செய்கிறவர். அவருக்கு முதலாளியின் குடும்பப் பெயரையே சூட்டியிருந்தார்கள்: ஜாக் கிளாட்ஸ்டன். பிரிட்டிஷ் ராஜா விடுதலை கொடுத்துவிட்டார், தோட்டக்காரர்கள் மறைக்கிறார்கள் என்று பேச்சுப் பரவியது. 1823 ஆகஸ்டில் பத்தாயிரம் பேருக்கு மேல் எழுந்தார்கள். ரத்தம் சிந்த வேண்டாம், வேலையை நிறுத்துவோம் என்றவர் குவாமினா. அவரைச் சுட்டுக் கொன்று, உடலைச் சங்கிலியில் கட்டி அதே தோட்டத்தின் முன்னால் தொங்கவிட்டார்கள். ஜாக் நாடு கடத்தப்பட்டார்.

அப்புறம் 1833இல் பிரிட்டனில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. இழப்பீடு இரண்டு கோடி பவுண்ட், முழுவதும் முதலாளிகளுக்கு! 2,508 பேருக்காக ஜானுக்குக் கிடைத்தது 1,06,769 பவுண்ட். உழைத்தவர்களுக்குக் காலணா கிடையாது. உழுதவனுக்கு அந்த உழக்கும் மிஞ்சவில்லை.

இழப்பீட்டைப் பற்றிக் கரீபிய நாடுகள் 2014இல் பத்து அம்சத் திட்டமே வைத்திருக்கின்றன. அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும். எனக்கு ஆவணம்தான் முக்கியம்.

அடிமைகள் கைவிட்டுப் போகிறார்கள் என்றதும் ஜான் 1836இலேயே கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதி ஒப்பந்தக் கூலிகளைக் கேட்டார். 1838 மே மாதம் முதல் கப்பல்கள் கயானாவில் கரை சேர்ந்தன. கொடுமை வெளிப்பட்டு நிறுத்தினார்கள். 1845இல் மறுபடி தொடங்கியபோது சென்னையிலிருந்தும் நம் சனங்களை ஏற்றினார்கள். சார்லஸ் இதற்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்டார்.

அந்தக் கூலிகளின் பயணச் சீட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடம்பிலிருந்த தழும்பு வரை இருக்கும். ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்தான் குமாஸ்தா. கயானாவில் இருக்கும் பேரனால் அது எந்த ஊர் என்று எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர் பார்த்தால் சட்டென்று சொல்லிவிடுவார்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ள குடியேற்றக் கோப்புகளை இணையத்தில் ஏற்றுங்கள் என்று அரசுக்கு மனு எழுதியிருக்கிறோம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்தோடு உங்கள் சொந்த ஊர், தாலுகாவையும் எழுதுங்கள். அந்தப் பக்கத்துப் பெயர்களைப் படிக்க உங்களைத்தான் முதலில் கூப்பிடுவோம். வணக்கம்.