ஒட்சல்: குப்பையில் எழுந்த மைதானம்

வணக்கம், நேயர்களே. இங்கிலாந்தின் யார்க்ஷர் பகுதியில், பிராட்ஃபோர்டு நகரின் தென்புறம் ஒட்சல் என்றொரு மைதானம் உண்டு. அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி லீக் ஆட்டத்துக்குப் பேர்போன திடல். அதன் கரைகள் எதனால் எழுந்தவை தெரியுமா? வீட்டுக் குப்பையால்.

முதலில் அங்கே கல்குவாரி இருந்தது. கல் எடுத்த பள்ளம் பிறகு குப்பைக்கிடங்கானது. 1933இல் பிராட்ஃபோர்டு நார்தர்ன் என்ற ரக்பி லீக் கழகம் அதைக் குத்தகைக்கு எடுத்தது. நகரத் துப்புரவுத் துறை இயக்குநர் எர்னஸ்ட் கால் வகுத்த முறைப்படி 1,40,000 வண்டிக் குப்பை கொட்டிப் பார்வையாளர் கரைகளை எழுப்பினார்கள்.

கண்டபடி கொட்டினால் கரை நிற்காது. அக்கால இங்கிலாந்தில் இதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. குப்பையை ஏறக்குறைய 6 அடிக்கு மிகாத அடுக்காகப் பரப்பி, இறுக்கி, மேலே 9 அங்குலம் மண் போட்டு உடனுக்குடன் மூட வேண்டும். மூடத் தவறினால் ஈயும் எலியும் வரும். அடுப்புச் சாம்பலில் தணல் மிச்சமிருந்தால் உள்ளுக்குள்ளேயே புகைந்து தீப்பிடிக்கும். அன்றைய வீடுகளில் நிலக்கரி எரித்ததால் குப்பையில் பெரும்பங்கு சாம்பல்தான். சாம்பல் நன்றாக இறுகும், அழுகாது. இன்றைய குப்பையை வைத்து இப்படிக் கரை கட்டுவது கடினம்.

1934 செப்டம்பர் 1 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு அணிக்கு எதிரான ஆட்டத்தோடு மைதானம் திறக்கப்பட்டது. கிண்ணம் போன்ற அந்தப் பள்ளத்தின் அடியில் களம், மேல்விளிம்பில் உடை மாற்றும் அறைகள். வீரர்கள் படியிறங்கி, கூட்டத்தின் நடுவே நடந்துதான் களத்துக்கு வர வேண்டும். ஆட்டம் முடிந்து களைத்துப் போனவர்கள் அதே படிகளில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள்! 1945இல் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயமும் அங்கே வந்தது. நீள்வட்ட ஓடுபாதைக்குள் செவ்வகக் களம் எப்படிப் பொருந்தும்? கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள மூலைகள் வளைந்து குறைந்தன. ஓரத்தில் ஓடும் விங்கர், புள்ளி எடுக்கக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்ற இடம் சுருங்கியது.

1954 மே 5, புதன்கிழமை. லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் 4-4 எனச் சமனில் முடிந்த, ரக்பி லீக்கின் சேலஞ்ச் கோப்பை இறுதியாட்டத்தின் மறு ஆட்டம் இங்கே நடந்தது. வாரிங்டன் 8-4 என்று ஹாலிஃபாக்ஸை வென்றது. பதிவான கூட்டம் 1,02,569. கணக்கில் வராமல் நுழைந்தவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும் என்பார்கள். 1999 வரை ரக்பி லீக்கில் இதை மிஞ்சிய கூட்டம் இல்லை. கூரையோ இருக்கையோ பெரிதாகத் தேவைப்படாத சாய்வான மண்கரைதான் அத்தனை பேரையும் தாங்கியது.

அதே திடலில் 1963 நவம்பரில் பாரோ அணியுடனான ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 324 பேர். அடுத்த மாதமே கழகம் மூடப்பட்டது. 1964இல் புதிதாய்த் தொடங்கினார்கள்.

பிறகு திடலை நவீனமாக்கப் பல திட்டங்கள் வந்தன. 'சூப்பர்டோம்' என்ற பெரும் திட்டம் காகிதத்தோடு நின்றது. பணப் பற்றாக்குறையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் கணிப்பில் தரையும் ஒரு காரணம். நிரப்பிய குப்பை ஒரே சீராக அமிழாது. ஓரிடம் அதிகம் இறங்கும், பக்கத்தில் குறைவாக. அதன்மேல் கூரைத்தூண் நட்டால் சாய்ந்து விரிசல் விடும். கீழே உறுதியான தரை வரை ஆழத்தூண் இறக்கியாக வேண்டும். அங்கேதான் செலவு எகிறும். கிண்ணத்தின் அடியில் தேங்கும் மழைநீரை வெளியேற்றும் வேலை வேறு.

பெயரை புல்ஸ் என்று மாற்றிக்கொண்ட கழகம் 2001, 2002 பருவங்களில் அதே நகரின் கால்பந்து மைதானமான வேலி பரேடுக்குக் குடிபெயர்ந்து திரும்பியது. 2012இல் ஆட்டத்தை நிர்வகிக்கும் அமைப்பான ரக்பி ஃபுட்பால் லீக், ஒட்சலின் குத்தகையை வாங்கிக்கொண்டது. 2019 முடிவில் பக்கத்து ஊரான டியூஸ்பரிக்குப் போன அணி 2021இல் மீண்டும் ஒட்சலுக்கு வந்தது. அதே ஆண்டு, களத்தைச் சுற்றிய ஓடுபாதையில் நடக்கும் ஸ்டாக் கார் என்னும் கார் பந்தயமும் திரும்பியது. களத்தின் மூலைகளுக்கு மறுபடி நெருக்கடி.